குதிக்காத ரெஜிமென்ட் ஒன்றைத் தேடினேன்

தம்பி,

அழைப்பிதழ் உறைகளில் பெயர் எழுதுகிற வேலையை என்னிடம் ஒப்படைத்தாய். அப்பாவின் கையெழுத்து அழகு என்று வேறு சொன்னாய். முப்பது வருடமாக விண்ணப்பப் படிவம் நிரப்பிய கை இது, அழகாக இல்லாமல் என்ன செய்யும்? போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் தேநீரோடு மேசையில் உட்கார்ந்து, நீ அனுப்பிய பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தரமும் கீழிருந்து மேலே ஒரு தரமும் பார்த்தேன். வெம்பிளியில் பெண் வீட்டுச் சனம், உன் பள்ளிக்கூட நண்பர்கள், மொந்தோபான் முகாமில் உன்னோடு வேலை செய்கிறவர்கள், எங்கள் பஸ் கராஜிலிருந்து நான் கெஞ்சிச் சேர்த்த நாலு பேர், எல்லாரும் இருந்தார்கள். ஜெரோம் மட்டும் இல்லை. உனக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவன் வேண்டாம் அப்பா, ஏனென்று உங்களுக்குத் தெரியும்தானே என்றாய். ஓம், தெரியும். நீ நினைப்பதைவிட எனக்குக் கூடுதலாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊர் ஒன்றியத்தின் ஆண்டு மலருக்குப் பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதுகிற கடிதம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அப்படியான கடிதங்களை நானும் வாசித்திருக்கிறேன். அவற்றில் வருகிற அப்பாமார் எல்லாரும் கஷ்டப்பட்டவர்கள், ஒருவரும் பிழை விட்டவர்கள் இல்லை. விட்டிருந்தாலும், பிள்ளையில் அளவுக்கு மிஞ்சிப் பாசம் வைத்ததுதான் பிழை என்று பக்குவமாக முடித்துவிடுவார்கள். நான் எழுதுவதை அச்சில் போடுவதா இல்லையா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். முதலில் உன் கைக்குத்தான் வருகிறது. வேண்டாம் என்றால், கிழக்கு லண்டன் பஸ் போக்குவரத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக் கொடுத்து மலர்க்காரரைச் சமாளித்துவிடுவேன்.

நீ பாரிஸ் நகரத்துக்கு வெளியே, நாலாம் மாடியில் ஓர் ஒற்றை அறை வீட்டில் பிறந்தாய். நான் அப்போது உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். உனக்குப் பதினொரு வயதாகும்போது லண்டனுக்கு வந்தோம். இங்கிலீஷில் படித்தால் பிள்ளை டொக்டராகும் என்று எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். இருபத்திமூன்று வயதில், வால்தம்ஸ்டோ வீட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, பிரெஞ்சு இராணுவத்தில் சேரப்போகிறேன் என்றாய். அதுவும் பாராசூட் பிரிகேட். அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன். எங்கள் ஊரில் வானத்திலிருந்து இறங்கியது எதுவும் நன்மைக்கு இறங்கியதில்லை. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய மனுஷனுக்கு, தன் மகன் விமானக் கதவில் நின்று குதிக்கப் போகிறான் என்பதை எப்படி விளங்கிக்கொள்வது? ஒன்றியத்து ஆட்கள் விசாரித்தபோது, மகன் துளூஸ் பக்கம், விமானத்தோடு சம்பந்தப்பட்ட வேலை என்று சொல்லிவைத்தேன். அந்த ஊரில் விமானம் கட்டுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததால் மேற்கொண்டு ஒருவரும் துருவவில்லை. முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது. நீ விமானத்தில் ஏறுகிறாய்தானே, இறங்குகிற விதம் மட்டும்தான் வேறு.

பிறகு ஒரு வேலை தொடங்கினேன். அது உனக்குத் தெரியாது. கராஜ் கன்ரீனில் இடைவேளைக்கு இடைவேளை உட்கார்ந்து, உன் பிரிகேட் எப்படி அமைந்திருக்கிறது என்று படித்தேன். பன்னிரண்டு வருடம் பாவிக்காத என் பிரெஞ்சைத் தூசு தட்டி எடுத்தேன். ட்யூட்டித் தாளின் பின்பக்கத்தில் அட்டவணை கீறினேன். எங்கள் பஸ் வேலையை வைத்துப் பார்த்தபோது எல்லாம் சுலபமாக விளங்கியது. துளூஸில் தலைமையகம், அது கொன்ட்ரோல் அறை. அதற்குக் கீழே ரெஜிமென்டுகள், ஒவ்வொன்றும் ஒரு ஊரில் ஒரு கராஜ். பமியே, காஸ்த்ர், கார்க்கசோன் ஊர்களில் காலாட்படை. தார்ப் என்ற ஊரில் இரண்டு, ஒன்று பீரங்கிக்காரர், மற்றது குதிரைப்படை. கோர்சிகாத் தீவில் வெளிநாட்டுக்காரரைச் சேர்த்த லீஜன் ரெஜிமென்ட், மற்றவர்கள் சிவப்புத் தொப்பி போட அவர்கள் பச்சை போடுகிறார்கள். மொந்தோபானில் பொறியியல் ரெஜிமென்ட். கடைசியாகத் துளூஸிலேயே, சாமான் ஏற்றுகிற, பாராசூட் மடிக்கிற ரெஜிமென்ட் ஒன்று. ஒரு காலத்தில் இதெல்லாம் பெரிய டிவிஷனாக இருந்ததாம், பிறகு சுருக்கிப் பிரிகேட் ஆக்கினார்களாம். எங்கள் கராஜையும் அப்படித்தான் இரண்டு தரம் சுருக்கினார்கள்.

குதிரைப்படையில் இப்போது குதிரை இல்லை, கவச வண்டிதான். ஆனால் அதை முந்நூறு வருடத்துக்கு முன்பு தொடங்கியவர் ஹங்கேரியிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஓர் அகதி என்று வாசித்தபோது, கன்ரீனில் தனியாக இருந்து சிரித்துவிட்டேன். தன் ஊர்க்காரரைச் சேர்த்துப் பிரெஞ்சு ராஜாவுக்கு ஒரு படை அமைத்துக் கொடுத்திருக்கிறார். நானும் அகதியாகப் போய் அதே நாட்டுக்கு ஒரே ஒரு ஆளைத்தான் கொடுத்தேன், அதற்கே இந்தப் பாடு என்று நினைத்தேன். நல்லதை மட்டும் வாசிக்கவில்லை. அல்ஜியர்ஸ் நகரத்தில் பாராசூட்காரர் ஆட்களைப் பிடித்து வதைத்த கதையையும் வாசித்தேன். அதை உன்னிடம் கேட்டபோது நீ மழுப்பவில்லை. "அதுவும் எங்கடை வரலாறுதான் அப்பா. அதை மறைச்சால் திரும்பவும் நடக்கும்" என்றாய். அன்றைக்கு எனக்கு உன்மேல் பெரிய மதிப்பு வந்தது. அதை உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

இவ்வளவையும் நான் படித்தது அறிவுக்காக என்று நினைக்காதே. அந்த அட்டவணையில் குதிக்காத ரெஜிமென்ட் ஒன்று இருக்கிறதா என்று தேடினேன். உன்னை அங்கே மாறச் சொல்லிக் கெஞ்சலாம் என்பதுதான் என் திட்டம். அதை உடைத்தவன் ஜெரோம். ஒரு ஈஸ்டர் விடுமுறைக்கு அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தாய், ஞாபகம் இருக்கும். ரெயூனியன் தீவுப் பிள்ளை. குடும்பப் பெயர் முத்துசாமி, ஆனால் ஒரு சொல் தமிழ் தெரியாது. அவனுடைய பூட்டன்மார் கரும்புத் தோட்டத்துக்குப் போனபோது கொண்டுபோனதில் மாரியம்மனும் பெயரும்தான் மிஞ்சியிருக்கிறது. ஊரில் தீ மிதித்திருக்கிறேன் என்று தன் உள்ளங்காலை அம்மாவுக்குக் காட்டினான். அம்மாவின் மீன் குழம்பை மூன்று தரம் கேட்டு வாங்கினான். ஒரே நாளில் அவள் உன்னை விட்டுவிட்டு அவனைக் கவனிக்கத் தொடங்கிவிட்டாள். பாராசூட் மடிக்கிறவர்கள் நிலத்தில்தானே இருப்பார்கள் என்று நான் நைசாக அவனிடம் கேட்டேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். இந்தப் பிரிகேட்டில் மடிக்கிறவரும் குதிப்பார், சமைக்கிறவரும் குதிப்பார், வைத்தியரும் பாதிரியாரும் குதிப்பார்கள் என்றான். ஜெனரலும் குதிக்க வேண்டுமாம்.

சரி, குதித்துத் தொலையட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் உன் ரெஜிமென்ட் பொறியியல். உன் வேலை மிதிவெடி. உன் பெரியப்பா வேலியோரம் மாட்டை அவிழ்க்கப் போய் ஒரு காலோடு திரும்பிய மனுஷன். அந்தக் காலை, சப்பாத்தோடு, ஒரு சாக்கில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவன் நான். ஒட்டலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இதை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை, ஆனால் நீ அறிந்திருந்தாய். "நான் எடுக்கத்தான் போறன் அப்பா, வைக்க இல்லை" என்று நீ ஒரு நாள் சொன்னபோது, நீ யாருக்காக அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தாய் என்று எனக்கு விளங்கியது. விளங்கியும் என் பயம் குறையவில்லை. நியாயம் ஒரு பக்கம் இருக்கும், பெற்ற மனம் ஒரு பக்கம் இருக்கும். நீயும் ஒரு நாள் தகப்பனானால் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்பு நீ போன் எடுத்து, செக்ஷனோடு லெபனானுக்குப் போகிறேன் என்றாய். சந்தோஷமாகச் சொன்னாய். ஜெரோமும் வருகிறான், இரண்டு பேரும் ஒரே வண்டி என்றாய். நான் அடுத்த நாளே கன்ரீனில் இருந்து லெபனானைத் தேடினேன். அகப்பட்டது பெய்ரூட் நகரத்துக் கட்டடம் ஒன்றின் படம். எண்பதுகளில் அங்கே அமைதி காக்கப் போன உன் ஆட்கள்தான் அதில் இருந்திருக்கிறார்கள். ஒரு காலைப் பொழுதில் குண்டு வெடித்து ஐம்பதுக்கு மேலானவர்கள் அதற்குள் செத்துப்போனார்கள். எல்லாருக்கும் உன் வயது. அடுத்த ஓட்டத்தில் இரண்டு தரிப்பிடத்தில் நிற்பாட்ட மறந்து பஸ்ஸை ஓட்டினேன். சனம் மணியை அடித்து என்னைத் திட்டியது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நாங்கள் அகதிகள் தம்பி, எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கடதாசியையும் எறிய மாட்டோம். எந்த அலுவலகத்தில் எந்த நாள் எந்தக் கடதாசியைக் கேட்பார்கள் என்று தெரியாது. உன் நாலு வயதில், பாரிஸில் ஒரு குளிர்காலம் முழுக்க உனக்கு மூச்சு முட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் ஆஸ்துமா என்று எழுதித் தந்தார்கள். ஏழு வயதுக்குப் பிறகு அது வரவேயில்லை. இராணுவத்தில் சேரும்போது நீ அதைச் சொல்லவில்லை, எங்களையும் சொல்ல வேண்டாம் என்றாய். அந்தக் கடதாசிகள் எங்கே என்று கேட்டாய். வீடு மாறியபோது போய்விட்டது என்றேன். போகவில்லை. அலுமாரிக்கு மேலே நீலப் பெட்டிக்குள், நிராகரித்த கடிதங்களுக்கும் அம்மாவின் பழைய சம்பளத் துண்டுகளுக்கும் நடுவே இருந்தது. அதைப் பிரதி எடுத்தேன். உன் ரெஜிமென்ட் வைத்தியருக்கு ஒரு மனு எழுதினேன். அகதி வழக்குக்கு நாங்கள் எழுதுகிற அதே பிரெஞ்சு, எனக்கு எழுதத் தெரிந்த ஒரே பிரெஞ்சு. தங்கள் மேலான கருணையை வேண்டுகிற பாக்கியம் பெறுகிறேன் என்று தொடங்கினேன். என் மகனின் நெஞ்சு பலவீனமானது, அவனைப் பாராசூட் மடிக்கிற வேலைக்கு மாற்றினால் இந்தக் குடும்பம் என்றென்றும் நன்றியோடு இருக்கும் என்றேன். இதை எழுதியது நான் என்று மகனுக்குத் தெரியக் கூடாது என்று இரண்டு இடத்தில் கோடிட்டேன். அத்தாட்சியை இணைத்தேன். அந்த நேரம், கிடைக்க வேண்டிய ஒரு அனுமதிக்கு மேன்முறையீடு செய்வதாகத்தான் எனக்கு இருந்தது.

வைத்தியர் நல்ல மனுஷனாக இருக்க வேண்டும். என் பெயரைக் காப்பாற்றினார், தன் கடமையையும் செய்தார். உன்னைக் குதிப்பிலிருந்து நிறுத்திப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு தகவல் வந்திருக்கிறது என்று மட்டும் உனக்குச் சொன்னார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று முடிவு வர ஐந்து மாதம் எடுத்தது. அதற்குள் உன் செக்ஷன் லெபனானுக்குப் போய்விட்டது. நீ வெறும் முகாமில் வண்டி கழுவினாய். என் பிள்ளை பத்திரம் என்று நான் இங்கே கோயிலில் அர்ச்சனை செய்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்த ஐந்து மாதமும் நான் நன்றாகத் தூங்கினேன்.

நீ என்னைக் கேட்டாய். அதுதான் என்னை இன்னும் தின்கிறது. சுற்றி வளைக்காமல் நேரே கேட்டாய். "அப்பா, நீங்கள் ஏதும் எழுதினீங்களோ?"

"இல்லை ராசா, நான் ஏன் எழுதப் போறன்?"

"சரி அப்பா. நீங்கள் சொன்னால் சரி."

இவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடம்கூட இல்லை. பிறகு மிஞ்சியது ஜெரோம் ஒருவன்தான். பிரெனே மலையில் குளிருக்குள் ஓடிய ஒரு நாள் உனக்கு நெஞ்சு இறுகியதாகவும், அப்போது அவனிடம் மட்டும் பழைய கதையைச் சொன்னதாகவும் பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அவனையும் கேட்டாய். அவனும் இல்லை என்றான். இரண்டு பேர் இல்லை என்றோம். பொய் சொன்னவனை நம்பினாய், உண்மை சொன்னவனைக் கைவிட்டாய். லெபனானிலிருந்து வந்ததும் உன் அறை வாசலில் வந்து நின்றானாம், நீ கதவைத் திறக்கவில்லையாம். இதை நீ சொன்னபோது நான் போனின் மறுமுனையில் இருந்துகொண்டு, விடு மகன், உலகம் அப்படித்தான் என்றேன். உனக்கு நான் சொன்ன அறிவுரைகளில் இதைத் தயவு செய்து மறந்துவிடு. மற்றவற்றிலும் சந்தேகமானதை இன்னொருவரிடம் கேட்டுப் பார்.

அம்மாவுக்குப் போன வருடம் தெரிய வந்தது. உன் சாதகக் குறிப்புத் தேடி நீலப் பெட்டியைத் திறந்தவளுக்கு என் மனுவின் கைப்பிரதி கிடைத்தது. அதையும் நான் எறியவில்லை, பார். அவளுக்குப் பிரெஞ்சு என்னைவிட நன்றாகத் தெரியும், பாரிஸில் ஹோட்டல் அறை துப்புரவாக்கும்போது ஆட்களோடு கதைத்துப் பழகியவள். கதிரையில் இருந்து இரண்டு தரம் வாசித்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். "பிள்ளைக்கு முட்டு வந்தது நாலு வயசிலை. உங்களுக்குத்தான் இன்னும் மாறேல்லை" என்றாள். பிறகு, பெண் பார்க்கிற நேரம் குழப்ப வேண்டாம், கல்யாணம் பொருந்தட்டும், அதற்குப் பிறகு நானே சொல்கிறேன் என்று அவளிடம் தவணை கேட்டேன். கல்யாணம் பொருந்தியது, பெண்ணும் தங்கமான பெண். நான் இன்னும் தவணை கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமை உன் பட்டியலைப் பார்த்த பிறகு, ஒரு பழக்க தோஷத்தில், மறுபடியும் உங்கள் பிரிகேட்டின் பழைய கதைகளை எடுத்து வாசித்தேன். வியட்நாமில் ஒரு பள்ளத்தாக்கில் பாராசூட்காரர் அகப்பட்டுத் தோற்ற கதை உனக்கு மனப்பாடமாக இருக்கும். நான் அதைத் தோல்விக் கதை என்று முன்பு கடந்துவிட்டேன். இந்த முறை ஒரு பந்தியில் நின்றுவிட்டேன். கடைசி நாட்களில், எல்லாம் முடியப் போகிறது என்று தெரிந்த பிறகும், வெளியே இருந்தவர்கள் சிலர் உள்ளே இருந்தவர்களிடம் போக முன்வந்திருக்கிறார்கள். எழுதுவினைஞர், சாரதி, வேறு வேலை பார்த்தவர்கள். வாழ்க்கையில் ஒரு நாளும் பாராசூட் கட்டிப் பழகாதவர்கள். அப்படியே ஏறி, அப்படியே குதித்திருக்கிறார்கள். முதல் குதிப்பே அங்கேதான். அந்தச் சண்டை நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை. அந்த நாடு அவர்களுடையது இல்லை. ஆனால் அந்த ஆட்களை யோசித்தபடி நான் வெகுநேரம் இருந்தேன். நீ அந்தப் பிரிகேட்டில் எதைத் தேடிப் போனாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நான் உன்னை வெடியிலிருந்து காப்பாற்றவில்லை தம்பி. உனக்காக அப்படிக் குதிக்கக் கூடியவன் ஒருவன் இருந்தான், அவனை உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்த கிழமை லீவு போட்டேன். பாரிஸில் பழைய சிநேகிதருக்குச் சுகமில்லை என்று உனக்குச் சொல்லிவிட்டுத் துளூஸுக்குப் போனேன். இதுதான் நான் உனக்குச் சொல்லுகிற கடைசிப் பொய்யாக இருக்கட்டும். ஜெரோம் இப்போது உன் ரெஜிமென்டில் இல்லை என்று உனக்குத் தெரியும். எங்கே போனான் என்று நீ விசாரிக்கவில்லை. முழங்கால் பழுதாகி, கேட்டு மாறி, துளூஸில் பாராசூட் மடிக்கிற இடத்தில் இருக்கிறான். நான் உனக்கென்று பார்த்து வைத்த வேலையை அவன் செய்கிறான். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தோம். கொஞ்சம் கொழுத்திருக்கிறான். என்னைக் கண்டதும் எழுந்து நின்று கட்டிப்பிடித்தான், அம்மா எப்படி என்றான். நான் விமானத்தில் மனப்பாடம் பண்ணிய பிரெஞ்சு வசனங்களை ஒப்புவிக்கத் தொடங்கினேன். பாதியில் அவன் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"எனக்குத் தெரியும்" என்றான். "வைத்தியரின் பெயரை எப்படி எழுதுவது என்று நீங்கள் என்னிடம்தானே கேட்டீர்கள்."

உண்மைதான். நத்தார் பண்டிகைக்கு வாழ்த்து மடல் அனுப்ப என்று ஒரு பொய்க் காரணம் சொல்லி அவனிடம்தான் கேட்டிருந்தேன். அதை மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். மறந்தவன்போல இருந்தேன். நீ அவனைக் குற்றம் சாட்டிய அன்றைக்கே அவனுக்கு ஆள் யார் என்று தெரியும். ஒரு சொல்லில் தன்னைக் காப்பாற்றியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் கோப்பியைக் கலக்கியபடி தன் தகப்பனைப் பற்றிச் சொன்னான். இராணுவத்தில் சேர்ந்ததற்காகத் தகப்பனும் மகனும் பேச்சை விட்டிருக்கிறார்கள். பேசலாம் பேசலாம் என்று இரண்டு பேரும் ஒத்திப்போட்ட காலத்தில் தகப்பன் கண்ணை மூடிவிட்டார்.

"நான் சொன்னால் அவன் உங்களோடு பேச மாட்டான். என்னோடு பேசாவிட்டால் பரவாயில்லை என்று நினைத்தேன்" என்றான். பிறகு வெளியே ரோட்டைப் பார்த்தான். "பரவாயில்லாமல் இருக்கவில்லை."

நான் அந்தக் கடையில், அவ்வளவு சனத்துக்கு நடுவே, அழுதேன். அவன் தன் கைக்குட்டையைத் தந்தான். பிறகு பேச்சை மாற்றத் தன் வேலையைப் பற்றிச் சொன்னான். நீளமான மேசை, துணியை விரித்து, கயிறுகளை எண்ணி, மடித்து, கடைசியில் மடித்தவர் பதிவில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். மொந்தோபானுக்குப் போகிற பாராசூட் தொகுதி வந்தால் தான் கேட்டு வாங்கி மடிக்கிறானாம். யார் முதுகில் எது ஏறும் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு வருடத்தில் உன் முதுகில் ஒன்றாவது ஏறியிருக்கும் என்று சாதாரணமாகச் சொன்னான். நீ அவனுடைய சொல்லை நம்பவில்லை. அவனுடைய கைவேலையை நம்பிக் குதித்திருக்கிறாய், அது விரிந்தும் இருக்கிறது.

கல்யாணத்துக்கு வா என்று நான் அவனைக் கேட்கவில்லை. வாயில் வந்தது, விழுங்கிக்கொண்டேன். உன் காரியத்துக்குள் நான் இன்னொரு தரம் கை வைக்கக் கூடாது. நான் வந்துபோனதை நீயாகக் கேட்கும்வரை சொல்ல வேண்டாம் என்றுகூட அவனிடம் கேட்கவில்லை. இனி ஒருவரிடமும் ஒன்றையும் மறைக்கச் சொல்லிக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை. உனக்கு மனைவி வருகிறாள். அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்து, அவளுக்காக என்று சொல்லி, அவளுக்குத் தெரியாமல் எதையும் செய்யாதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அவளிடமே சொல்லு. நான் உன்னிடம் அந்த ஒரு வசனத்தைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் ஒரு வைத்தியருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். எனக்குப் பயம் தம்பி. இப்போதும் பயம். நீ குதிக்கிற ஒவ்வொரு நாளும் பயம். உன்னில் பெருமையும் அதே அளவுக்கு இருக்கிறது. ஒன்றியத்து ஆட்களுக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன், என் மகன் மிதிவெடி எடுக்கிறவன் என்று.

உன் கோபத்துக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். மூன்று வருடமாக அது பிழையான ஆளிடம் போய்க்கொண்டிருந்தது, இனி என்னிடம் வரட்டும். கல்யாணத்தன்று என் முகத்தைப் பார்க்க மனமில்லை என்றால் அம்மா முன்னுக்கு நிற்பாள், நான் மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியைக் கவனித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பேச்சு விழ வேண்டியது எவ்வளவோ அவ்வளவும் விழட்டும். ஆனால் இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்காதே. முதலில் அவனுக்கு எடு. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நிற்காதே, நான் அப்படி யோசித்துத்தான் மூன்று வருடத்தைப் போக்கினேன்.

அவன் எடுப்பான்.

உன் அப்பா